கோணல் சால்

விதைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு முனிரத்தினம் சொன்னான்: "இந்த வருசம் அக்கடி வாணாம். கேவுரு மட்டும் போதும்."

செண்பகத்தின் மடியில் துவரையும் மொச்சையும் கலந்த விதை இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆடி விதைப்பு இந்த நிலத்தில் ஒரே மாதிரிதான். முதலில் கேழ்வரகைத் தூவுவார்கள். பிறகு நாலு எட்டுக்கு ஒரு சாலாக அவன் ஏர் ஓட்டிப் போவான். அவள் பின்னாலேயே நடந்து அந்தச் சாலில் பருப்பு விதையைப் போட்டுக்கொண்டு வருவாள். அதற்குப் பெயர்தான் அக்கடி. கேழ்வரகு ஆம்பிளையுடையது, அக்கடியில் விளைவது பொம்பிளையுடையது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு விதைப்புக்கும் அறுப்புக்கும் மட்டுமே ஊரில் தலைகாட்டுகிறவன் அவன். அவன் பின்னால் நடக்க அவளுக்கு வருடத்தில் கிடைப்பது இந்த ஒரு நாள். பேச்சு ஒன்றும் இருக்காது. அவன் முதுகையும் மாட்டு வாலையும் பார்த்துக்கொண்டே நடப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் அதுவே அவளுக்குத் திருவிழா.

"இன்னாத்துக்குய்யா வாணான்றே?"

"அது மாசி வரைக்கும் நெலத்தைப் புடிச்சிகினு நிக்கும். பேஜாரு."

நின்றால் இவனுக்கென்ன வந்தது? இவனா களையெடுக்கிறான், இவனா காவல் காக்கிறான்? கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேழ்வரகு கார்த்திகையில் வீட்டுக்கு வந்துவிடும். துவரை வேண்டாம் என்கிறவனுக்குக் கார்த்திகையிலேயே நிலம் காலியாக வேண்டும். பக்கத்து நிலத்து ரத்தினசாமி காலையில் வரப்பில் நின்று வழக்கத்தைவிட ஜாஸ்தியாகச் சிரித்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ரத்தினசாமி அண்ணனுக்கு வித்துட்டியா?"

"பேசி வச்சிருக்குது. எனக்கு அங்கதானே பொழப்பு." அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அப்ப நானு?"

"உங்கண்ணன் வூடு இருக்குதில்ல."

நீயும் வா என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்கத்தான் அவள் பத்து வருடமாகக் காதைத் தீட்டி வைத்திருந்தாள். கேழ்வரகை மட்டும் தூவி முடித்துவிட்டு அவன் ரயிலுக்குக் கிளம்பினான். புளியமரம் தாண்டி அவன் தலை மறைகிறவரை அவள் வாசலில் நின்றாள். பிறகு மடியைத் தொட்டுப் பார்த்தாள். விதை அப்படியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினாள். பூவும் பிஞ்சுமாக ஒரு வெள்ளாமை நிற்கிற நிலத்தில் இன்னொருவன் ஏர் இறக்கமாட்டான். வாங்குகிறவன் எவனாயிருந்தாலும் சரி, ஊரில் அது எழுதாத சட்டம். துவரை நின்றால் மாசி வரை நிலம் நிற்கும். நிலம் நின்றால் அவளும் நிற்கலாம். அதற்குள் ஒரு மனுசனின் மனசு மாறாதா என்ன? குனிந்து குனிந்து கொத்திக் குழி பறித்தாள், விதை போட்டாள், காலால் மூடினாள். எதிரே முதுகும் இல்லை, வாலும் இல்லை, எதைப் பார்த்து நேராகப் போவது? சால் கள்ளுக் குடித்தவன் நடை மாதிரி போயிற்று.

கார்த்திகையில் அவன் வந்தான். தலைசாய்ந்த கதிர்களுக்கு நடுவே மார்பளவு துவரை வளைந்து வளைந்து நின்றது. வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"சால் கோணலா இருக்குதே."

"முன்னாடி போறதுக்கு ஆளில்ல."

அவன் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஒரு துவரைச் செடிமேலும் அரிவாள் படாமல், கிளையை இடது கையால் ஒதுக்கிவிட்டு ஒதுக்கிவிட்டு அறுத்ததை அவள் கவனித்தாள். செடியை ஒதுக்கி அறுக்கிறவன் நம்மை மட்டும் வெட்டிவிடுவானா என்று அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. அன்று முதல் பறிப்புப் பச்சை மொச்சையில் குழம்பு வைத்தாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

கதிரடித்து மூட்டைகளை வண்டியில் ஏற்றியதும் முன்னால் தாவி உட்கார்ந்தான். மாடு இரண்டடி வைத்த பிறகு திரும்பினான்.

"துவரை எடுத்ததும் ரத்தினசாமிகிட்ட சொல்லிடு."

அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள்.

மார்கழியில் மொச்சை முடிந்தது. கேழ்வரகுத் தாள் மக்கிப்போன வெற்று நிலத்தில் துவரை மட்டும் மஞ்சளாகப் பூத்து நின்றது. வீட்டில் பேச ஆளில்லாதவள் நிலத்துக்கு வந்து, காய்ப்புழுவைப் பொறுக்கும்போது அதைத் திட்டுவதற்காகவாவது வாயைத் திறந்தாள். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூருக்குப் போகிற ரயில் ஊதும்போது நிமிர்வாள். அது போனதும் குனிவாள். ஆளைத் தேடி மனசு அடித்துக்கொள்ளும். தை முழுக்க அவன் வரவில்லை.

மாசியில் காய் நெற்றாகி, காற்றடித்தால் கலகலத்தது. அதற்குமேல் விட்டால் வெடித்துச் சிதறிவிடும். செடி செடியாக வெட்டிக் கட்டினாள். ரத்தினசாமி ஏரோடு வரவில்லை, வெறுங்கையோடுதான் வந்தார். நல்ல மனுசன்.

"முடிஞ்சிதாம்மா?"

"ஆச்சிண்ணே."

அவர் கண் நிலத்தின் நடுவே போயிற்று. அங்கே சால் மிகவும் கோணிப்போன இடத்தில் ஒரு செடி மட்டும் வெட்டாமல் நின்றது.

"அது?"

"அது இன்னும் காயலண்ணே."

அவர் கிட்டே போனார். செடியில் ஒரு நெற்றுகூட இல்லை, எல்லாம் ஒட்டப் பறித்தாகியிருந்தது. கணுக்களில் புதுத்துளிர் விட்டு, நாலைந்து மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. இரண்டு மாதமாக மழை இல்லை. ஆனாலும் செடியைச் சுற்றி மண் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. காயட்டும்," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் வரப்பேறிப் போனார்.

செண்பகம் கிணற்றுக்குப் போய்க் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். வெயிலில் ரயில் ஊதியது. அவள் நிமிரவில்லை. குடம் தளும்பித் தளும்பி, கிணற்றடியிலிருந்து செடி வரை அந்தக் காய்ந்த நிலத்தில் ஈரமாக ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது, கோணலாக.