இரும்பு நெருஞ்சி

ராணுவத்திலிருந்து திரும்பிய நாள் முதல் வைரக்கண்ணுவின் வாய் சும்மா இருந்ததில்லை. எதிரியை மறிக்கும் தடைகளைப் பற்றிப் பாடம் படித்தவன் ஆயிற்றே! முள்கம்பி, அகழி என்று எதைச் சொன்னாலும் பேர் வந்த கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதில் நாலு முனை ஆணி ஒன்று அவனுக்கு உயிர். எப்படி எறிந்தாலும் ஒரு முனை மேலே பார்க்கும்.

"குதிகாலுக்கு வைக்கிற பொறின்னு அர்த்தம் வர்ற மாதிரி வெள்ளைக்காரன் பேரு வச்சான். நம்ம வரப்புல கெடக்குற நெருஞ்சி முள்ளும் அதே உருவந்தான். யானைப் படைக்கு முன்னால எறைப்பாங்களாம். நான் வச்ச பேரு இரும்பு நெருஞ்சி."

"பேரு வச்சது போதும், சோறு ஆறுது" என்பாள் மனைவி அம்சம்.

கழக ஆட்சி வந்தும் கூலி நெல் ஒரு மரக்கால்கூட ஏறவில்லை. அறுப்புக்குப் போவதில்லை என்று ஊரே உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் பட்டாபிராமன் அசருவாரா? வேதாரண்யத்திலிருந்து லாரியில் ஆள் வருகிறது என்று சேதி வந்தது. லாரி வந்தால் போராட்டம் செத்தது. "உன் நெருஞ்சிய எடுப்பா" என்றான் சங்கத்து மருதையன். பட்டறையில் அடித்து, வாய்க்கால் மதகைத் தாண்டிய பாதைப் புழுதியில் விடியுமுன் இறைத்துவிட்டு வந்தார்கள்.

வீட்டில் வைரக்கண்ணுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன் இப்படிக் கெடந்து அலையிறீங்க?"

"டயர் வெடிக்கிற சத்தமே காணோம்."

உலை வைத்துக்கொண்டிருந்த அம்சம் நிமிர்ந்தாள். "அந்த மதகு ஆளோட லாரியத் தாங்காதே. எறக்கி நடக்க விட்டுட்டுத்தானே பின்னாலேயே ஓட்டிக்கிட்டு வருவான்? நாம எத்தன தடவ நடந்திருக்கோம்!"

அறுப்புக்கு வருகிறவர்கள் யார் செருப்புப் போட்டார்கள்? ஊரே கூடி யோசித்தது, இது ஒருத்தன் புத்தியிலும் படவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினான்.

லாரியில் வந்த பெண்கள் நடந்து மதகை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையை விரித்து மறித்தான். மண்டியிட்டுப் புழுதியைத் துழாவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். இடுப்பில் கருக்கரிவாள் செருகிய ஒருத்தி கிட்டே வந்து பார்த்தாள்.

"எங்களுக்காய்யா போட்டீங்க?"

"இல்லம்மா. லாரிக்கு."

"லாரிக்கு முன்னால நாங்கதானே வர்றோம்."

யானைக்கு முன்னாலும் ஆட்கள்தானே நடந்திருப்பார்கள். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்டதில்லை.

அவளும் குனிந்து தேடினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூங்கில் புதர் ஓரம் காவலுக்கு நின்ற மருதையன் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான். வழி சுத்தமானது. லாரி மெல்ல மதகு ஏறி அவர்களைத் தாண்டி வயல் பக்கம் போயிற்று.

அவள் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "இதுக்கு என்னய்யா பேரு?"

"ஆணிம்மா" என்றான் வைரக்கண்ணு.