துவைக்காமல் வைத்திருந்த சட்டை

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான ஹல் நகரத்தில், எங்கள் ஹெஸல் ரோட்டு சர்ச் ஹாலில் கண்காட்சி பார்க்க நுழைந்த இரண்டாம் நிமிடமே சிவந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் புருஷன் லென்னின் கம்பளிச் சட்டை பளிச்சென்று தொங்கியது. முழங்கையில் இருந்த மீன் கறையைக் காணோம். கழுத்துப்பட்டி அழுக்கையும் காணோம். கீழே ஓர் அட்டை: ‘கீப்சேக். கீப் என்றால் வைத்துக்கொள்வது, சேக் என்றால் ஒருவருக்காக. கொடுத்தவரின் நினைவாக நாம் பத்திரப்படுத்தும் பொருள். சொல்லுக்கு வயது இருநூற்றுச் சொச்சம். இது லென் டிரான்மர் என்ற மீனவருடையது. 1971இல் கடலில் மறைந்தார்.’

கண்காட்சி நடத்தும் இமோஜன் சிரித்துக்கொண்டே வந்தாள். லண்டன்காரி. ஆறு மாதம் நச்சரித்து, இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று சட்டையை வாங்கிப் போனவள்.

“எப்படி இருக்கு மிஸஸ் டிரான்மர்? வியாழக்கிழமை நானே கையால துவைச்சேன். அப்பா, என்ன மீன் வாடை!”

“அந்த வாடைக்காகத்தான்டி வச்சிருந்தேன்!”

ஹாலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். என்னுடன் வந்த பக்கத்து வீட்டு டோரீன், “ஐயோ மேவிஸ், துவைச்சுட்டாளா?” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கப்பல் புறப்படும் நாளில் எங்கள் தெருவில் எவளும் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் புருஷனை அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். லென் போன அன்று நானும் துவைக்கவில்லை. கப்பல் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் அந்தச் சட்டையை மறுநாளும் துவைக்கவில்லை, நாற்பது வருடமும் துவைக்கவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியும்.

“கொடுத்தவருன்னு எழுதியிருக்கியே, அவன் எங்கே கொடுத்தான்? அவசரத்துல கழட்டி நாற்காலி மேல வீசிட்டு ஓடினான். திட்டினேன். வந்து போட்டுக்குவான்னுதான் வச்சிருந்தேன்.”

இமோஜன் வெளுத்துப்போனாள். “சத்தியமா எனக்குத் தெரியாது... கறையோட வச்சா அவருக்கு மரியாதையில்லைன்னு நினைச்சேன். அட்டையை மாத்தி எழுதட்டுமா?”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

“எழுது. அந்தச் சொல்லு கிடக்கட்டும், தேதியை அடி. அவன் 1971ல போனான்னு போடாதே. போன வியாழக்கிழமைன்னு போடு.”