சட்டைக்கு வெளியே மட்டும்

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. மாலைத் தட்டச்சு வகுப்பு முடிந்து வந்த கலையரசி அதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள். காலையில் பட்டுக்கடை வேலைக்குக் கிளம்பியபோது அது அங்கே இல்லை.

"அப்படியே உள்ள வராத. பின்பக்கமாப் போயி கை கால் கழுவிக்கினு வா," என்றாள் அவள் அம்மா சம்பூர்ணம். கருவறைக்கு முன்னால் நின்று பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தியிருந்தாள். "அப்பாவுக்கு அம்மா வாத்திருக்குது."

"அம்மையா? யாரு சொன்னது?"

"அந்தப் பேரையெல்லாம் சொல்லாதடி. எனக்குக் கண்ணு இல்லியா? பக்கத்து வூட்டு காந்தாவும் ஜன்னலாண்ட வந்து பாத்துட்டுப் போனா."

அறையில் வீரபத்திரன் வெறும் உடம்போடு வேப்பிலைப் படுக்கைமேல் படுத்திருந்தார். முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் இரண்டு கைகளும் செக்கச் செவேலென்று தடித்து, அங்கங்கே சிறு கொப்புளங்களாக இருந்தது. மகளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். கன்னம் எரிந்திருக்க வேண்டும், சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்.

"கருட சேவைக்கு வண்டி ஓட்டாதன்னு சொன்னேனா இல்லியாப்பா?" என்றாள் கலையரசி.

"வருஷத்துக்கு ஒரு நாளு கலை. திருப்புட்குழி, முசரவாக்கம்னு ஊரே திரண்டு வருது. ஆட்டோவ மூடிப்போட்டு..." மூச்சு வாங்கினார். "...மூடிப்போட்டு வூட்ல குந்திக்கினு இருக்கச் சொல்றியா?"

வீரபத்திரனின் நுரையீரலில் தழும்பு விழுந்துகொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் வறட்டு இருமலாக ஆரம்பித்தது. சளி மருந்து, தூதுவளை ரசம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. ஏன் வந்தது என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. பிர்ஃபெனிடோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்து, கலையரசியிடம் நிதானமாக விளக்கினார். விழுந்த தழும்பு மறையாது. புதுத் தழும்பு வேகமாக விழாமல் இந்த மாத்திரை பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சாப்பிட்டால் தெம்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், குமட்டும், பசிக்காது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வெயில் படவே கூடாது. தோல் வெந்துபோகும்.

இதையெல்லாம் கலையரசி வீட்டில் ஒப்பித்தாள். ஒப்பித்ததில் எதையாவது விட்டுவிட்டோமோ என்று டாக்டரம்மாவுக்கே திரும்பப் போன் செய்து கேட்டுக்கொண்டாள். எதையும் இரண்டாவது முறை சரிபார்ப்பது அவள் குணம். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் சந்தேகமும் வரும். முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தாள், புழுங்குகிறது என்று வீரபத்திரன் மடித்து வைத்துவிட்டார். வெயிலுக்குப் பூசும் க்ரீம் வாங்கிக் கொடுத்தாள். ஆட்டோ ஸ்டாண்டில் அதை ஒருநாள் பூசியபோது, "மாமோவ், பொண்ணு பாக்கப் போறியா, பொண்ணா போறியா?" என்று பக்கத்து வண்டிக்காரன் கமல் கேட்டானாம். அத்தோடு அந்த ட்யூப் ஆட்டோவின் பெட்டிக்குள் போய்விட்டது.

"அம்மா, இது அம்... இது அது இல்லம்மா. மாத்திரை சாப்பிட்டுட்டு வெயில்ல சுத்துனதால வந்தது. டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

"வெயிலு பட்டா கருக்கும். கொப்புளமா வரும்?"

"வரும்மா. முதுகப் பாரு, வயித்தப் பாரு, ஒண்ணு கூட இல்ல. சட்டைக்கு வெளியில மட்டும்தான் இருக்குது."

"நாளைக்கு எறங்கும்."

"வாட்ச் கட்டுற எடத்தப் பாரும்மா! பட்டைக்கு அடியில ஒண்ணுமே இல்ல. அம்மா வந்திருந்தா வாட்ச்ச மட்டும் சுத்திக்கினு போவாளா?"

சம்பூர்ணம் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாய மூடுடி! வூட்டுக்குள்ள வந்து நிக்கிறா, அவ காதுபட இன்னா பேச்சு பேசுற. தாயே, புள்ள தெரியாம பேசிட்டா."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து காந்தா, "எங்க ஓர்ப்படிக்கும் மொதல்ல மூஞ்சியிலதான் பூத்துது, கலை," என்றாள். அம்மா இருக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் அவள் ஜன்னலோடு நின்றுகொண்டாள். ஆனால் ஒரு பேச்சையும் விடவில்லை.

அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் கலையரசி. சூடாகத்தான் இருந்தது. வெந்த தோல் சூடாக இருக்காதா? இல்லை, இது காய்ச்சலா? ஒருவேளை அம்மைதானோ? வேளை பார்த்து வந்து தொலைத்தது அந்தச் சந்தேகம். அது வந்ததுமே அவள் குரல் இறங்கிவிட்டது.

"சரி, ராத்திரி மாத்திரைய எங்க வெச்ச?"

"அம்மா இருக்கச்சே இங்கிலீஷ் மருந்து வூட்லயே இருக்கக் கூடாது. காந்தா வூட்ல குடுத்து வெச்சிட்டேன்."

"எங்க பீரோவுல பத்திரமா இருக்குது," என்றாள் ஜன்னலில் காந்தா.

மறுநாள் கடையில், புடவை மடித்து அடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்று, கலையரசி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். லைன் கிடைக்கவே இல்லை. முதல் நாள் ராத்திரி அப்பாவைப் போனில் எடுத்த படங்களை டாக்டரம்மாவின் எண்ணுக்கு அனுப்பினாள். சாயங்காலம்தான் பதில் வந்தது. பார்த்தால் வெயிலால் வந்த ஒவ்வாமைபோல இருக்கிறது, நேரில் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம், அழைத்து வாருங்கள், அதுவரைக்கும் வெயில் படாமல் மாத்திரையைக் குறைத்து வேளைக்கு ஒன்று என்று கொடுங்கள், ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம்.

போனை அம்மாவிடம் நீட்டினாள். சம்பூர்ணம் அதை வாங்கவில்லை. "போட்டோவுல பாத்துச் சொல்லிட்டாங்களா? அவங்களே 'போல இருக்குது'ன்னுதானே போட்டிருக்காங்க. நேர்ல பாத்தவ நான் சொல்றேன்."

"அப்ப நேர்லயே காட்டலாம். கார் வெச்சுக்கினு போலாம் வா."

"அம்மா இருக்கச்சே வாசப்படி தாண்டுனா கண்ணு போயிடும்டி."

கலையரசிக்கு அழுகை வந்தது. அழவில்லை, பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடவா முடியும்? அதைவிட எரிச்சல், உள்ளே படுத்திருந்தவர் வாயே திறக்காததுதான். ஒரு வார்த்தை, 'டாக்டரு சொன்னபடி செய்வோம்' என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நாட்கள் போகப் போக விஷயம் இன்னும் மோசமானது. அதாவது, அப்பாவுக்கு நன்றாக ஆகிக்கொண்டே வந்தது.

வெயிலே படாமல் அறைக்குள் படுத்திருந்ததில் தடிப்பு அடங்கியது. கொப்புளம் வற்றித் தோல் உரிந்தது. மாத்திரை இல்லாததால் குமட்டல் போய்விட்டது. மாதக்கணக்காக இரண்டு இட்லியைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மோர் சோற்றைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டார். அம்மா இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. தாளிப்பு வாசனையே இல்லாத அந்தச் சோற்றை அப்படி ரசித்துச் சாப்பிட்டார். சம்பூர்ணம் முதல் தண்ணீர் ஊற்றினாள், இரண்டாம் தண்ணீர் ஊற்றினாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் தலையில் விழும்போதெல்லாம் வீரபத்திரன் குழந்தைபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா, எப்படி எறங்கிட்டா," என்றாள் காந்தா ஜன்னலில்.

கலையரசி என்ன சொல்வாள்? வெயிலிலிருந்து எடுத்தால் இதுவும் இப்படித்தான் இறங்கும் என்று சொல்லலாம். யார் கேட்பார்கள்? தழும்பு உள்ளே விழுகிறது. அதை யாருக்கும் காட்ட முடியாது. வெளியே உரிந்து புதிதாக வந்த தோலைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். தெருவே பார்த்துவிட்டு, நல்லாயிட்டாரு என்றது.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அன்று மத்தியானம் சம்பூர்ணம் அடுப்பில் முதன்முதலாகக் கடுகு தாளித்தாள். கத்தரிக்காய் சாம்பார் வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கலையரசியும் வீட்டில் இருந்தாள். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"இன்னிக்கிலேருந்து மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கலாம்பா. வேளைக்கு ஒண்ணுதான்."

வீரபத்திரன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "வேணாம் கலை. அம்மா வந்து எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிட்டா. மாத்திரைய வுட்டப்புறம்தான் நான் மனுஷனா இருக்கேன். மறுபடி அதப் போட்டா அவ கோச்சுக்குவா."

"அம்மா வரலப்பா! எத்தினி வாட்டி சொல்றது? வாட்ச்ச கழட்டு. பாரு, அடியில மட்டும் பழைய தோலு, உரியவே இல்ல."

"வாட்ச் கட்டுறவன் எல்லாருக்கும் அடியில அப்படித்தான் இருக்கும்."

ஊரில் வாட்ச் கட்டுகிற எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அது உண்மை. அவள் சேர்த்து வைத்திருந்த ஒரே அத்தாட்சி சாம்பார் சோற்றுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அடுப்பங்கரையில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நீதான் எல்லாம் கெடுத்தாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாய்வரை வந்தது. ஆனால் வந்தது வேறு ஒரு கேள்வி. தன்னைத் தானே சரிபார்க்கும் அந்தப் பழைய பழக்கத்தில்தான் அதுவும் வந்தது.

"அம்மா, மூணு தண்ணி ஊத்துனப்புறமும் மருந்து சாப்பிடக் கூடாதா?"

சம்பூர்ணம் கரண்டியோடு திரும்பினாள். "யாரு சொன்னது? தண்ணி ஊத்தி அனுப்பியாச்சு. அவ போயிட்டா. கடுகே தாளிச்சிட்டேன், மருந்துக்கு இன்னா?"

"அப்பாதான் அவ கோச்சுக்குவான்னு சொல்றாரு."

சம்பூர்ணம் வெளியே வந்து புருஷன் முன்னால் நின்றாள். "இன்னாயா இது? நான் சொன்னனா அப்படி?"

"இல்ல சம்பூர்ணம். ஒடம்பு நல்லா இருக்குதே, எதுக்குன்னு..."

"ஒடம்பு நல்லா இருக்குதா? அவ நெருப்ப எறக்க வந்தா. மாரு சளிய எறக்க வரல. மாரும் நல்லாயிடுச்சா?"

"நல்லாயிடுச்சு."

"அப்ப கூவு. சவாரிக்குக் கூவுவியே, அதக் கூவிக் காட்டு, கேக்கலாம்."

வீரபத்திரன் சிரித்தார். பெரிய காஞ்சிபுரம் பஸ் நிறுத்தத்தில் அவர் குரல் பிரசித்தம். ஐந்து கோயில் பெயரையும் ஒரே மூச்சில் இழுத்து, கடைசிப் பெயரை மேலே தூக்கிவிடுவார். வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தே வண்டியில் ஏறுவார்கள். எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூவினார்.

"காமாச்சி, ஏகாம்பரம், ஒலகளந்தாரு..."

அங்கே நின்றது. இருமல் வந்தது. கையால் தரையைத் தேடி ஊன்றிக்கொண்டார். கைலாசநாதரும் வரதராஜரும் வாய்க்கு வரவே இல்லை. இருமி முடித்து நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. யாரையும் பார்க்காமல் தட்டைப் பார்த்தார்.

கலையரசிக்குச் சந்தோஷமாக இல்லை. இப்படி ஜெயிக்க அவள் நினைக்கவில்லை.

சம்பூர்ணத்தின் முகத்தில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது. "மாத்திரை கொமட்டுதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். அவ பேரச் சொல்லித் தப்பிச்சிக்கினு இருக்கியா? அவ உனக்கு லீவு லெட்டர் எழுதிக் குடுக்கவா வந்தா?" ஜன்னல் பக்கம் திரும்பி, "காந்தா! எங்க வூட்டு மாத்திரையக் குடு," என்று கத்தினாள்.

"எல்லாத்தையுமா?" என்றது ஜன்னல்.

"எல்லாத்தையும்!"

வீரபத்திரன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். சம்பூர்ணம் மேலும் ஒரு கரண்டி போட்டாள், அதையும் சாப்பிட்டார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து முகத்தைச் சுளித்தார். குமட்டலுக்குக் காத்திருப்பவர்போலக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே சென்னைக்குப் போவது என்று முடிவானது. ஆட்டோவைக் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் எடுப்பது என்று பேச்சு நடந்தது. அதில் அவர் எவ்வளவு நாள் நிற்பார் என்று கலையரசிக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த திருவிழா வரும், ஊர் திரண்டு வரும். மறுபடி முகம் சிவந்தால் மறுபடி வாசலில் வேப்பிலைதான். அதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வீரபத்திரன் வண்டிச் சாவியை எடுத்தபோது, சம்பூர்ணம் துணிப் பெட்டியிலிருந்து அந்த முழுக்கைச் சட்டையை எடுத்து உதறிக் கொடுத்தாள். தலைக்கு ஒரு துண்டையும் கொடுத்தாள்.

"போட்டுக்கோ. அம்மா வந்து போன தோலு. வெயிலு படவே கூடாது."

"ஆமாமா," என்றார் வீரபத்திரன், மறுபேச்சே இல்லாமல். கைகளை நுழைத்தார்.

கலையரசி வாயைத் திறந்தாள். இந்தக் கோடை முழுக்க, தொண்டை வற்ற, அவள் சொன்னது இதைத்தானே! இதே சட்டை. இதே வார்த்தை. அம்மா இவளைப் பார்த்தாள், இன்னா என்பதுபோல. கலையரசி அப்பா பக்கம் போனாள்.

"எதுக்குக் கலை மொறைக்கிற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல. கைய நீட்டு. மணிக்கட்டுப் பொத்தான போடாம வுட்டுட்ட."