நிற்பதற்குக் கூலி

மச்சானுக்கு நான் கொடுக்கவேண்டியது ஆறாயிரத்து நானூற்றைம்பது. சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்தபோது ஆஸ்பத்திரிக்கு அவர் கட்டிய பணம். மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன், என்னைப்போலவே கட்டட வேலைக்காரர். இத்தனை நாள் வாய் திறந்து கேட்காத மனுஷன். இருக்கிற வாடகைவீட்டைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை புதுவீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டும், கேட்டுவிட்டார்.

கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. எந்த மேஸ்திரியும் என்னைச் சாரம் ஏற விடவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் நடப்பதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மச்சானே கூட்டிப்போனார்.

பெரிய கொட்டகை. உள்ளே ஒரு இரும்புப் பாலம். கீழே ஆறும் இல்லை, ரோடும் இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகிற வெறும் பாலம். அடியில் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கருவிகள் ஒட்டி ஒயர் இழுத்திருந்தார்கள். டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அதற்குச் சரியாக அடி வைக்கவேண்டும். பாலம் அதிர்வதிலிருந்து நம் நடையைக் கம்ப்யூட்டர் தேடி எடுக்கும். கிடைத்தால் திரையில் பச்சை. கிடைக்காவிட்டால் சிவப்பில் "ஏற்கவில்லை". பச்சைக்கு மட்டும்தான் கூலி.

மச்சானும் கூலிக்கு நடந்தார், அவருக்குப் பச்சையாகவே வந்தது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய அந்தச் சிவப்பு வார்த்தை, சாயங்காலத்துக்குள் பார்த்ததும் தெரிகிற வார்த்தையாகிவிட்டது.

"மாப்பிள்ளை, கல்யாண ஊர்வலமா போற? காலைத் தூக்கி வைய்யா!"

"தூக்கினா வலிக்குது மச்சான்."

"வலிக்குதுன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுமா?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆராய்ச்சிப் பொண்ணு எழுந்து வந்தது.

"அண்ணே, உங்க ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி மாறிக்கிட்டே இருக்கு. இது சீரான நடையை மட்டும்தான் தேடும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? அது தேடுவது என்னிடம் இல்லை. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். பச்சை வந்தது. அதோடு கணுக்கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தது. ராத்திரி பெண்டாட்டி ஒத்தடம் கொடுத்தபடி, "எங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்"னாள். வேண்டாம் என்றேன். முன்பணம் கட்டாவிட்டால் மச்சான் பிள்ளைகளோடு எங்கே போவார்?

மூன்றாம் நாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். பாலத்தின் நடுவில் மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நடக்கிறது முடிஞ்சுதுண்ணே. கீழ இருந்து மெஷின் பாலத்தை உலுக்கும். மேல ஆள் நிக்கணும். ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு பாக்கப்போறோம்"னது பொண்ணு.

"அதுக்கு மூட்டை போதாதா?"

"மூட்டை சும்மா பாரம்தான். மனுஷ உடம்புன்னா ஆட்டத்தைக் கொஞ்சம் வாங்கிக்குது. எவ்வளவு வாங்குதுங்கிறதுதான் எங்களுக்கு வேணும். இதுக்கு மணிக்கணக்குல கூலி. அசையக்கூடாது, அவ்வளவுதான்."

மச்சான்தான் முதலில் ஏறினார். முதுகைச் சொறிந்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார், கொட்டாவி விட்டார். அரைமணியில் இறக்கிவிட்டார்கள்.

நான் ஏறி நல்ல காலில் பாரம் போட்டு நின்றேன். கீழே மெஷின் உறுமியது. உள்ளங்காலில் ஏறின நடுக்கம் முட்டியைத் தாண்டி, இடுப்புக்கு வருவதற்குள் இருந்த இடம் தெரியாமல் அடங்கியது. நிறுத்துவார்கள், எழுதுவார்கள், மறுபடி உலுக்குவார்கள். எனக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை. கண் சொருகியது.

"அண்ணே, தூங்குறீங்களா?"

"இல்லம்மா."

"தூங்குனாலும் பரவாயில்ல, விழுந்துடாதீங்க."

கீழிருந்து மச்சான் கத்தினார்: "அவன் அப்பிடித்தான் தாயி! பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் எங்க வீட்டுக் கூடத்துல இப்பிடித்தான் நின்னான்!"

பொண்ணு சிரித்ததில் குறிக்க விட்டுப்போய், அந்த அளவை மறுபடி எடுக்கவேண்டி வந்தது.

வெள்ளிக்கிழமைவரை விடிந்தால் அடைந்தால் நின்றேன். அன்று மத்தியானம் மொத்தக் கூலியையும் வாங்கி, கையிலிருந்ததையும் சேர்த்து மச்சானிடம் கொடுத்தேன். விரலை எச்சில் தொட்டு எண்ணினார்.

"முந்நூறு குறையுதே மாப்பிள்ளை."

"அடுத்த வாரம் தர்றேன்."

"அடுத்த வாரம் எவன் நிக்கிறதுக்குக் காசு குடுப்பான்? விடு. இங்க நடந்து நானும் கொஞ்சம் சம்பாரிச்சேன்ல, அதுல போட்டுக்கிறேன். தீந்துது."

"மச்சான்..."

"தீந்துதுன்னேன்ல? முன்பணம் கட்டணும், பஸ் போயிடும்."

பணத்தை உள்பையில் திணித்துக்கொண்டு ஓடினார். நான் கொட்டகைப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டேன்.