ஈரச்சுவர் குழுவின் புதிய ஆல்பம்

வெகு காலத்துக்குப் பிறகு ஈரச்சுவர் என்ற ராக் இசைக்குழுவின் புதிய ஆல்பம் வெளியானது. அன்று காலையிலேயே எங்கள் தெருவில் சில சத்தங்கள் இல்லாமல் போயின. பதிவு செய்த சத்தம், பதிவு வெளியாகும் வரைதான் இருந்த இடத்தில் இருக்கும். கல்யாண வீடியோ வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால், அந்த மண்டபத்தில் அதற்குப் பிறகு மேளம் அடித்தாலும் கைதான் வலிக்கும். அதனால் நாங்கள் யாரும் போலீசுக்குப் போகவில்லை. பதிவு செய்ய வந்தவர்களைத் தெருவுக்குள் யார் விட்டது என்பது மட்டும்தான் கேள்வி.

கோவை கணபதியில் எங்களுடையது சிறிய தெரு. லேத் பட்டறையில் இரும்பு சீவுவது கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. எதிர்வீட்டு நஞ்சப்பனின் கேட் பூனை நடப்பதுபோலத் திறந்தது. என் வீட்டில் கனகவல்லியின் முனகலைக் காணவில்லை.

கனகவல்லி என் மனைவி. வெங்காயம் அரியும்போது வாயைத் திறக்காமல் ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருப்பாள். அவள் இறந்த பிறகும் அது அடுப்பங்கரையில் இருந்தது. பிற்பகலில் கேட்கும். நான் ஒருமுறை செருமுவேன். அது நிற்கும், பிறகு தொடரும். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

நஞ்சப்பன் டீக்கடையில் வைத்தே கேட்டார்.

"உங்க வூட்லதானுங்க தனி ஆளு. எவன் வந்தாலும் காபி குடுத்து உக்கார வெப்பீங்க."

"உங்க கேட்டுதானுங்க பொழுதன்னிக்கும் தொறந்தே கெடக்குது" என்றேன்.

இருவரும் டீயை முடிக்காமல் எழுந்தோம். அன்று முதல் தெருவில் யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. குக்கரை வாங்கிப்போன பெண்கள்கூட அதன் விசில் களவு போகாதபடி முந்தானையால் மூடிக்கொண்டு போனார்கள்.

ஆல்பத்தை வாங்கி முழுதாகக் கேட்டேன். முதல் பாட்டில் நஞ்சப்பனின் கேட் தாளம் போட்டது. அடுத்ததில் லேத் அழுதது. நல்ல பாட்டுகள்தான். கனகவல்லி எதிலும் இல்லை. திருடியிருந்தாலும் தினமும் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். எங்குமே இல்லாவிட்டால் நான் என்ன செய்வது?

பீளமேட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் அவர்களுடைய ஸ்டுடியோ. பாடகர் ஆல்வினுக்குத் தாடி நரைத்திருந்தது.

"இத்தனை வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்றேன்.

"சத்தம் சேத்திட்டு இருந்தோம் அங்கிள்."

முனகலைப் பற்றிச் சொன்னதும் ஒலிப்பதிவு செய்யும் இர்பானாவைக் கூப்பிட்டார். அவள் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அது உங்க வீட்டம்மாவா? எர்த் சரியில்லாம கரன்ட் இரையுதுன்னு நெனச்சு வடிகட்டிட்டேன் அங்கிள்."

"அவ சுருதி அப்படித்தாம்மா."

"அதான் சொல்றேன். மெஷின்கூட அவ்வளவு ஆடாம நிக்காது."

கனகவல்லி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

வடிகட்டியதையெல்லாம் பின்னறையில் ஒரு நீல டிரம்மில் போட்டு வைத்திருந்தார்கள். இர்பானா மூடியைத் திறந்தாள். முனகல் கேட்டது. அவளேதான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு செருமல் வந்தது. முனகல் நின்றது, பிறகு தொடர்ந்தது.

அந்தச் செருமல் என்னுடையது இல்லை. நஞ்சப்பனுடையது.

நான் வெளியே போகும் பிற்பகல்களில் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவேன்.

"இந்தச் செருமலை மட்டும் எடுத்திர முடியுமா?" என்றேன். இர்பானா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முயன்றாள்.

"எடுத்துப் பாத்தேன் அங்கிள். எடுத்தா அந்தம்மா நிறுத்தினது நிறுத்தினதுதான். மறுபடி ஆரம்பிக்க மாட்டேங்கறாங்க."

யோசித்தேன். மூடியை நானே போட்டேன். ஆல்வின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, டிரம்மை ஆட்டோவில் ஏற்றினோம்.

மறுநாள் மதியம் நஞ்சப்பனைக் கூப்பிட்டேன். அவர் வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றார். எதையோ சொல்வதற்காகத் தொண்டையைச் சரிசெய்தார். செருமல் மட்டும் வரவில்லை.

"உக்காருங்க" என்றேன்.

காபி கொடுத்தேன். மூடியைத் திறந்தேன். கனகவல்லி ஆரம்பித்தாள். அவருடைய செருமல் வந்தபோது நஞ்சப்பன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை போதுங்களா?" என்றேன்.

"போதுமுங்க."

முனகல் தொடர்ந்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் டிரம்மின் அடியிலிருந்து இன்னொரு செருமல் வந்தது. அது என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. அதற்குக் கனகவல்லி நிறுத்தவில்லை. சுருதியை ஒரு கட்டை ஏற்றினாள்.

நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.