தாமரை வைத்த போர்க்கூடு

இன்னும் நூறு வருசத்தில் கலை வரலாற்றை நிதுர்ஷனுக்கு முன், நிதுர்ஷனுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் படிப்பிப்பார்கள். இதைச் சொன்னவன் நிதுர்ஷன். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கன்டீனில் ஒரு கையில் வடையை வைத்துக்கொண்டு சொன்னதால் அதன் கனம் குறைந்துவிடாது என்பதற்காக நானும் சிரிக்கவில்லை.

நாங்கள் மட்டக்களப்பில் ஆற்றோரமாக இருக்கிற ஒரு நுண்கலை நிறுவகத்தில் இறுதி வருடம். ஆறு என்றால் வாவி, கடலோடு கலக்கிற உப்புத் தண்ணீர். இங்கே வாவி என்று சொல்லி யாரும் மீன் வாங்குவதில்லை. இறுதிச் செய்முறைப் பரீட்சைக்கு எல்லோருக்கும் ஒரே தலைப்பு: போருக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் நவீன கலை இயக்கங்கள் எப்படி முகம்கொடுத்தன, உன்னுடைய பதில் என்ன.

நிதுர்ஷன் இயக்கங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரித்தான். முதலாம் உலகப் போர் நடக்கும்போது நடுநிலை நாட்டுக்கு ஓடிப்போய், இந்தப் போரைச் செய்தது அறிவுதானே, இனி அறிவே வேண்டாம் என்று மேடையேறி அர்த்தமில்லாத சத்தம் போட்ட டாடாக்காரர்: "நல்ல பொடியனுகள். விளையாட்டுப் புத்தி." கால் போன சிப்பாய்கள் தெருவில் பிச்சையெடுப்பதை உள்ளபடியே வரைந்த ஜேர்மன்காரர்: "சரிதான். ஆனா பிரேம் போட்டு வித்தவங்கள்." முப்பதுகளில் அமெரிக்காவில் வேலையெல்லாம் போனபோது அரசாங்கச் சம்பளத்துக்குத் தபால் கந்தோர்ச் சுவர்களில் உழைப்பாளிகளை வரைந்தவர்கள்: "அரச ஊழியர்." பழைய சாக்கைக் கிழித்துத் தைத்து ஓவியமாக்கிய இத்தாலிக்காரர்: "கிட்ட வந்துட்டான்."

அவனால் மன்னிக்க முடியாத கூட்டம் ஒன்றுதான். போர் முடிந்ததும் உடைசலெல்லாம் போதும் என்று திரும்பவும் அமைதியான முகம், பழக்கூடை, கடற்கரை என்று வரையப் போனவர்கள். "கோழைகள்," என்றான். அந்தக் கோழைத்தனத்தின் மட்டக்களப்புக் கிளை, அவன் கணக்கில், பிரஷாந்தி.

பிரஷாந்தி அக்கரையில் பழுகாமத்துப் பிள்ளை, எங்கள் வகுப்பு. நாலு வருசமாக ஆற்றை மட்டும்தான் வரைகிறாள். பின்னேர வெளிச்சம், அக்கரை மரங்கள், கரையோரம் அல்லி. பாசிக்குடா ஹோட்டல்காரர் வந்து வாங்கிப் போவார்கள்.

"உப்புத் தண்ணியில அல்லி எங்ககா பூக்குது?" என்று நிதுர்ஷன் கேட்பான்.

"மாரிக்கு எங்கட பக்கம் நல்ல தண்ணிதான், வந்து பாரு. பெரியகல்லாத்தான் உனக்குக் கடலைத் தவிர என்ன தெரியும்?"

"நாடே பெற்றோலுக்கு வரிசையில நிக்கக்குள்ள நீ நீலத் தண்ணி கீறிக்கிட்டு இருந்த. அதுக்குப் பேர் அழகியலா, மறதியா?"

"கடையில நீலம் மட்டுந்தான் இருந்திச்சு," என்பாள் அவள். "இறக்குமதித் தடை. சிவப்பு வந்திருந்தா நானும் புரட்சி செஞ்சிருப்பன்."

மற்ற இயக்கங்கள் எல்லாம் விட்ட பிழை, கலைஞன் படத்துக்கு வெளியே நின்றது என்று நிதுர்ஷன் கண்டுபிடித்தான். ஆகவே இவன் உள்ளே இருப்பான். இரும்புக் கூடு. கதவு கிடையாது. "போருக்குக் கதவு இருந்திச்சா?" என்று கேட்டான். போர் முடியும்போது அவனுக்கு ஏழு வயது. உள்ளே உட்கார்ந்து கரித்துண்டால் நிலமெல்லாம் "இல்லை" என்று எழுதுவான். நெருக்கடிக் காலத்தில் கடைக்காரர் வாயிலிருந்து சனங்கள் அதிகம் கேட்ட சொல் அது. பரீட்சகர்கள் பத்து மணிக்கு வந்து பார்ப்பார்கள். மத்தியானம் கூட்டை வெட்டி ஆளை வெளியே எடுப்பது.

இதில் ஒரு விஷயம் விளையாட்டில்லை. போன வருடம் அவன் செய்முறையில் தவறிவிட்டான்; இது இரண்டாம் தடவை. இந்த முறை புள்ளி கிடைத்தால் கல்முனைப் பக்கம் ஒரு தனியார் பாடசாலையில் சித்திர ஆசிரியர் வேலை காத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் கத்தார். மாமா விசா எடுத்து வைத்திருக்கிறார், மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். சுப்பர்மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்குகிற வேலை. அவனுடைய அம்மா இந்தப் பரீட்சை வரைக்கும்தான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

கூட்டை வெல்டிங் செய்து ஒட்டியது என் மச்சான் றம்ஸீன், ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. காத்தான்குடியில் யன்னல் கிறில் அடிக்கிறவர்; என் கூட்டாளிகளுக்கு நானா, அதாவது அண்ணன். கூடு மண்டப வாசலுக்குள் நுழையாது என்பதால் பரீட்சையன்று விடியவே நாலு பக்கத்தையும் மேல்மூடியையும் தனித்தனியாகக் கொண்டுவந்து உள்ளே வைத்தே ஒட்டினார். மூன்று பக்கமும் மேல்மூடியும் முடிய நிதுர்ஷன் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாலாவது பக்கத்தை மச்சான் நிறுத்திப் பொறி பறக்க ஒட்டி முடிக்க, புகை விலகிய பிறகுதான் அதைப் பார்த்தோம். சரியாக நடுவில் ஒரு தாமரை. கம்பியை வளைத்து எட்டு இதழ்.

"நானா, இதென்ன?" என்றான் உள்ளே இருந்தவன்.

"தாமர."

"ஏன்?"

றம்ஸீன் மச்சானுக்குக் கேள்வி விளங்கவில்லை. "கிறிலுக்கு நடுவில பூ வாறதுதானே தம்பி. மயில் வேணுமெண்டா முதல்லயே சொல்லியிருக்கணும்."

"நானா, இது போர்."

"போரெண்டாலும் பூ இல்லாட்டி நடுக்கம்பி ஆடும்," என்றார். ஓட்டமாவடியில் ஒரு கேற் வேலை இருந்ததால் வெட்டுகிற மெசினையும் ஏற்றிக்கொண்டு, மத்தியானம் வாறன் என்று போய்விட்டார்.

நிதுர்ஷன் கொஞ்ச நேரம் தாமரையைப் பார்த்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். "இஷாம், அறிக்கையில ஒரு வரி சேர். தாமரை திட்டமிட்ட முரண்." சேர்த்தேன். வகுப்பில் அவனும் பிரஷாந்தியும்தான் மிச்சம்; என் முறை முதல் நாளே முடிந்ததால், படம்பிடிப்பதும் படைப்போடு வைக்கிற விளக்க அறிக்கையைத் திருத்துவதும்தான் என் வேலை.

அவன் பத்தாவது "இல்லை"யை எழுதும்போது நிறுவக ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு முன் கேற்றைப் பூட்டி அதற்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பரீட்சகர்கள் வெளியே. நாங்கள் உள்ளே. பிரஷாந்தியும் நானும் வேண்டுமானால் மதிலால் குதிக்கலாம். கூட்டை எங்கள் இரண்டு பேரால் அசைக்கக்கூட முடியாது. குதிக்க முடியாதவன் ஒருத்தன்தான்.

முதலில் அவன் சந்தோசப்பட்டான். "பாத்தியா, வேலைநிறுத்தமும் படைப்புக்குள்ள வந்துட்டு," என்றான். பிறகு மெசினோடு வந்த றம்ஸீன் மச்சானைக் கேற்றில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தபோது அதைப் படைப்புக்குள் சேர்க்கச் சொல்லவில்லை.

எதிர்ச் சுவரில் பிரஷாந்தியின் படம் தொங்கியது. அகலமான நீலத் தண்ணீர்.

"அதக் கழட்டுகா. கவனம் கலையுது."

"என்ட பரீட்சடா அது. நீ மற்றப் பக்கம் திரும்பி இரி."

மற்றப் பக்கம் திரும்பினான். அங்கே யன்னல். யன்னலுக்கு வெளியே அதே தண்ணீர்.

சோற்றுப் பார்சல் கம்பிகளுக்கிடையில் நுழையவில்லை. கூட்டிலேயே அகலமான இடைவெளி தாமரையின் மேலிதழ்தான். அதற்குள்ளால் பார்சலைச் சரித்துக் கொடுத்தேன். அவன் வாங்கிய விதத்தைப் படம்பிடிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் வெறுமையானதும் அதை வேறொரு தேவைக்கு வைத்துக்கொண்டான். அந்த நேரம் பிரஷாந்தி வெளியே போய்த் தேமா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலம் முழுக்க எழுதி இடம் முடிந்தது. எழுதியதன் மேலேயே எழுதத் தொடங்கினான். வெக்கையில் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று மணிபோல துறைத்தலைவர் என் போனுக்கு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கம்பியோடு பிடித்தேன்.

"பரீட்சை ஒத்திவைச்சாச்சு. திகதி பிறகு அறிவிப்பம்."

"எப்ப சேர்?"

"தெரியாது தம்பி. ரெண்டு மாசமும் ஆகலாம்."

"சேர், நான் கூட்டுக்குள்ள இருக்கன். இஷாம் வீடியோ எடுத்து அனுப்பினா?"

"நேரில பாத்துத்தான் புள்ளி போடணும். அது விதி. நீங்க வெளியில வாங்க."

"கதவில்ல சேர்."

"கதவு வைக்காம ஏன் தம்பி செஞ்சீங்க?"

அதற்கு அவனிடம் நாலு பக்க அறிக்கை இருந்தது. தட்டச்சு செய்தவன் நான். "சும்மா சேர்," என்றான்.

அடுத்து அவனுடைய போன் அடித்தது. அம்மா. எழும்பி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினான். "ஓம் அம்மா... ஓம், சாப்பிட்டன்... அவங்க வரல்ல அம்மா. தள்ளிப் போட்டுட்டாங்க." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். "சரி. மாமாட்ட டிக்கட்டப் போடச் சொல்லுங்க," என்று வைத்தான்.

நக்கலடிக்க எனக்கு நிறைய இருந்தது. இன்னொரு தண்ணீர்ப் போத்தலை இதழுக்குள்ளால் நீட்டினேன்.

"நீ என்ன செய்வகா?" என்று பிரஷாந்தியைக் கேட்டான்.

"திரும்பக் கொண்டுவந்து தொங்கவிடுவன். எனக்கென்ன, ஆறு எங்கயும் போகாதுதானே," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு தன் தூரிகைகளைத் துடைக்கத் தொடங்கினாள். அவை துடைத்துத்தான் இருந்தன.

நிதுர்ஷன் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தான். வெயில் இறங்கி, மேற்கே படுவான்கரைப் பக்கம் சாய்ந்தது. தோணி ஒன்று வலையை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனது. அவன் குனிந்து உள்ளங்கையால் நிலத்தைத் தேய்த்தான். கோபத்தில் எழுதினதை அழிக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் இடமிருந்து வலமாக, ஒரே சீராக, சுவர் பூசுகிறவனைப் போலத் தேய்த்தான். எழுத்தெல்லாம் கலைந்து சாம்பல் நிறத்தில் பரவியது. மேலே ஒரு நேர்கோடு போட்டான். கோட்டின் மேல் சின்னச் சின்னதாக மரங்கள். விரலால் சில இடத்தில் கரியை எடுத்தான். அந்த இடங்கள் வெளிச்சமாகின. ஒரு தடவை தலையைத் தூக்கி எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான், பக்கத்து மேசைத் தாளைப் பார்க்கிற மாணவனைப் போல, சட்டென்று. பிரஷாந்தி கண்டாள். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஊழியர்கள் கலைந்து கேற்றைத் திறந்ததும் றம்ஸீன் மச்சான் வியர்த்து விறுவிறுத்து வந்தார். மெசினைப் பிளக்கில் கொடுத்தார். கண்ணாடியை மாட்டினார்.

"எந்தப் பக்கத்த வெட்ட? பூ இருக்கிற பக்கத்த விட்டுர்றன், அது நல்லா வந்திருக்கு."

உள்ளே கரித்துண்டு நிலத்தில் உரசிக்கொண்டிருந்தது.

"தம்பி, வெட்டட்டா?"

"கொஞ்சம் நில்லுங்க நானா," என்றான் நிதுர்ஷன். "வெளிச்சம் இருக்கக்குள்ள இத முடிச்சிர்றன்."

றம்ஸீன் மச்சான் என்னைப் பார்த்தார். நான் கதிரையைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எனக்குப் படம் எடுக்கத் தோன்றியது. போனைத் தூக்கவும் செய்தேன், பிறகு பொக்கற்றில் போட்டுவிட்டேன்.

அவன் கரித்துண்டின் முனையைச் சீமெந்தில் உரசிக் கூராக்கினான். முழங்காலைக் கவனமாகத் தூக்கி, கரித் தண்ணீரில் படாமல், கம்பியோரமாக நகர்ந்தான். பிறகு முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, கரையோரத்தில், ஒரு அல்லிப் பூவைக் கீறத் தொடங்கினான்.