கனத்தக்காவின் கழுத்து

கனத்தக்கா எந்த எடை இயந்திரத்தில் ஏறி நின்றாலும் அது இரண்டு பேரின் எடையைக் காட்டும். ஆளைப் பார்த்தால் ஒல்லிக்குச்சி. ரயில் நிலையத்தில், காசு போட்டால் எடையும் பலனும் அச்சடித்த அட்டையைத் துப்பும் இயந்திரம் ஒன்று இருந்தது. முதன்முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்தது அதுதான். அட்டையில் எடைக்குக் கீழே, 'உங்களை நேசிப்பவர் உங்களைவிட்டு அகலமாட்டார்' என்று இருந்தது. இயந்திரம் பழுது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். பழைய பேப்பர் கடைத் தராசும் அதே எடையைச் சொன்ன பிறகு தெரு பேசாமல் ஒத்துக்கொண்டது. அதிகப்படியான எடை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குரங்கினுடையது. குரங்கு அங்கே இல்லை. அது ஊரின் மறுகோடியில், மிருகக்காட்சி சாலைக் கூண்டில் இருந்தது. அதன் கைகளும் கனமும் மட்டும்தான் இங்கே இருந்தன.

அவளுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் சாதாரணத் தையல்காரி. புருஷன் மிருகக்காட்சி சாலையில் கூண்டு கழுவினான். தற்காலிக வேலை, எப்போது வேண்டுமானாலும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அங்கே கப்பலில் வந்திறங்கிய ஒராங்குட்டான் குரங்கு ஒன்று குட்டி போட்டது. போட்டுவிட்டு, யாரோ தவறவிட்ட பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்து, தரையில் வைத்துவிட்டு நகர்ந்துபோனது. பெறுவதற்கு உடம்புக்குத் தெரிந்திருந்தது. வளர்ப்பதை அது யாரிடமும் பார்த்ததில்லை. அதுவே பால்குடி மறக்குமுன் பிடிபட்டு வந்ததுதான். மருத்துவர் கையைப் பிசைந்தார். கண்காணிப்பாளர் கூண்டு கழுவுகிறவனைக் கூப்பிட்டு, உன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதல்லவா, இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் உன் வேலை நிரந்தரம் என்றார். அன்று சாயங்காலம் அவன் சட்டைக்குள் குட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

குட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டபடியே மூன்று வருடம் இருந்தது. அவள் மெஷின் மிதிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அது கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போது மட்டும் இறக்கி வைத்தால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. அவள் பெண் குழந்தையும் குட்டியும் ஒரே போர்வையில் தூங்கின, ஒரே கரண்டிக்கு அடித்துக்கொண்டன. பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தது யார் என்று கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. அந்த மூன்று வருடமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். தனக்கு இரண்டு பெண்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுத் திருத்தாமல் விட்ட நாட்களும் உண்டு.

பிறகு கண்காணிப்பாளர் வீட்டுக்கே வந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா கழுத்துலயே வெச்சுக்கிட்டு இருப்ப? டிக்கெட் வாங்கிட்டு வர்ற ஜனங்க குட்டி எங்க, குட்டி எங்கன்னு என் உயிரை எடுக்குறாங்க" என்றார். நிரந்தர வேலைக்கான உத்தரவு அவர் சட்டைப்பையில் இருந்தது. அவள் தானே குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் விட்டாள். கழுத்திலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு கையை முடிப்பதற்குள் கழற்றிய கை திரும்ப வந்து பற்றியது. கழற்றிய விரல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவே தனியாக ஓர் ஆள் நிற்க வேண்டியதாயிற்று. பின்பக்கக் கம்பிக் கதவு வழியாக வெளியே வந்தவள் திரும்பி, "அழாத கண்ணு, போயிட்டு வரேன்" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. திரும்பி வரவே போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் நாக்கு வருகிறேன் என்றுதான் சொல்லும். கேட்கிறவர்களும் அதை மனதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதில்லை. ஆனால் குட்டி அந்தச் சொல்லை வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்தது. கடைக்குப் போகிறவன் சொன்னான், வந்தான். வேலைக்குப் போகிறவன் சொன்னான், வந்தான். சொன்னவர்கள் வராமல் போனதை அது பார்த்ததேயில்லை. "ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காத. உன்னைப் பாத்தா அது இங்க ஒட்டாது" என்று கண்காணிப்பாளர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவள் பாயிலிருந்து எழ முயன்றபோது கழுத்தில் கனம் இருந்தது. முதலில் சிறு குழந்தையின் கனம். கூண்டுக்குள் குட்டி வளர வளர இங்கே அதுவும் வளர்ந்தது. மழைக்காலத்தில் அவள் முதுகுக்குப் போர்வை தேவைப்படவில்லை. கோடையில் கழுத்தைச் சுற்றி மட்டும் வியர்த்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நெருக்குவதாகச் சண்டைக்கு வந்தார்கள். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு டிக்கெட் கிழித்தார். எலும்பு தேய்மானம் என்று சொன்ன மருத்துவர் கழுத்துப் பட்டை ஒன்றைக் கொடுத்தார். நடுவே கைகள் இருந்ததால் பட்டையின் இரண்டு முனைகளும் சேரவில்லை. ஒருமுறை கழுத்து நெருப்பாகக் கொதித்தபோது, குட்டிக்கு ஜுரம், போய்ப் பாருங்கள் என்று புருஷனை விரட்டினாள். அவள் சொன்னது சரியாக இருந்ததால் மிருகக்காட்சி சாலை அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டது. ஐந்து பேர் சேர்ந்து குரங்கைத் தராசில் ஏற்றுவதற்குப் பதிலாக, தராசை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவளை நிறுத்தி, அவளுடையது இவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகக் கழித்துக்கொண்டார்கள். தெருவில் அவளைக் கனத்தக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒரு வருடம் முடிந்தது. இனி அவள் போயிருக்கலாம், தடுப்பவர் யாருமில்லை. நாளைக்குப் போகலாம் என்றாள், சீருடை சீசன் முடியட்டும் என்றாள். வருடங்கள் கூடக்கூட, இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பது என்றாகிவிட்டது. "அது உன்னை எப்பவோ மறந்துடுச்சு. நல்லா சாப்பிடுது, தூங்குது" என்று புருஷன் சொல்லிக்கொண்டிருந்தான். மறந்த பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்காது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அந்தப் பொய் அவளுக்குத் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டாள்.

கூண்டிலோ, குட்டி ஜனங்களுக்கு முகம் காட்டவில்லை. பின்பக்கக் கதவைப் பார்த்து உட்கார்ந்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கி அதன் சிவந்த முதுகைப் பார்த்தார்கள். கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், வேர்க்கடலை எறிந்தார்கள். கண்காணிப்பாளர் டயர் தொங்கவிட்டார், கண்ணாடி மாட்டினார். கடைசியில், கதவைப் பார்ப்பதால்தானே இந்த வம்பு என்று, கதவுக்கு வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, ஓவியரை அழைத்துக் கம்பியோடு சேர்த்து உட்பக்கம் முழுச்சுவரிலும் பச்சைப்பசேல் என்று ஒரு காட்டை வரையச் சொன்னார். அது அசையாமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனங்களுக்கு இப்போது பிடித்துப்போயிற்று. பாவம், பிறந்த காட்டை நினைத்து ஏங்குகிறது என்று உச்சுக்கொட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது தன் வாழ்நாளில் ஒரு காட்டையும் கண்டதில்லை.

மகள் வளர்ந்து, கல்யாணமாகி, தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தக் காட்டை வரைஞ்சிருக்காங்கல்ல, அங்கதான கதவு இருந்துச்சு?"

"எந்தக் காடு?" என்றாள் கனத்தக்கா. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அது காட்டைப் பாக்கலம்மா. நீ போன வழியைப் பாக்குது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் தட்டிலிருந்து கையை எடுத்தான். ஓய்வுபெற்று, காதும் மந்தமாகிவிட்டவன், இதை மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டான். "முப்பது வருஷமா அப்படித்தான் உக்காந்திருக்கு. உங்கிட்ட என்னத்தச் சொல்ல?" என்றான்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் கனத்தக்கா.

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

மறுநாள் கனத்தக்கா மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, மகளோடு பஸ் ஏறினாள்.

கூண்டு நெருங்க நெருங்கக் கைகள் இறுகின. கம்பிக்கு வெளியே கூட்டத்தோடு நின்று, "குட்டி, கண்ணு" என்று கூப்பிட்டாள். முதுகு திரும்பவில்லை. "அது திரும்பாதும்மா, நாங்களும் தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பாத்தாச்சு" என்றான் கடலைப் பொட்டலம் வைத்திருந்த ஒருவன். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருகிறேன் என்று சொன்னவள், போன கதவு வழியாகத்தானே வரவேண்டும். பின்பக்கம் சுற்றிப் போனாள். அங்கே வெறும் சுவர் இருந்தது.

இப்போதைய கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. குரங்கின் எடையை இத்தனை காலமாக யாருடைய கழுத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். கொத்தனாரைக் கூப்பிட்டு, பூச்சையும் செங்கல்லையும் மட்டும் எடுங்கள், உள்ளே பழைய கம்பிக் கதவு இருக்கும், அதைத் தொடவேண்டாம் என்றார். கொத்தனார் உளியை வைத்துத் தட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கனத்தக்கா தள்ளாடி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கழுத்திலிருந்த கைகள் போய்விட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் கம்பிக்கு நடுவே செங்கல்லைப் பிடித்து இழுக்க, குட்டிக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன.

கல் சரிந்து வழி விழுந்தது. கம்பிக்குப் பின்னால், தாடை பெருத்து வயதாகிவிட்ட ஒரு முகம். நீண்ட விரல் வெளியே வந்து அவள் நரையைத் தொட்டது, கழுத்தின் இரு பக்கமும் பதிந்திருந்த பள்ளங்களைத் தடவியது, பிறகு விரலை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தது. "வந்துட்டேன் கண்ணு" என்றாள் அவள். அது அவளை ஆற அமரப் பார்த்தது. பிறகு எழுந்து, நிதானமாக நடந்து, கூண்டின் முன்பக்கம் போய் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தது. அவளுக்கு அதன் முதுகு தெரிந்தது. முதன்முதலாக முகத்தைக் கண்ட ஜனங்கள் கைதட்டிய சத்தம் சுவருக்குப் பின்னால் வரை கேட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கதவு கதவாக இருந்த காலத்திலேயே வந்திருக்கலாம். ஒரு வருடம் முடிந்த அன்றே வந்திருக்கலாம். வந்திருந்தால் அது திரும்பி உட்கார்ந்திருக்காது.

கனம் போன உடம்பு நிலத்தில் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் காற்று அடித்தபோது கால் தரையைவிட்டு எழும்பியது. மகள் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மறுபடி உள்ளே போய், இடித்துக் குவித்திருந்த செங்கல்லில் இரண்டை எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து கனத்தக்கா வெளியே போனால் அந்தப் பையோடுதான் போவாள். பழைய பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தினமும் காலையில் போய், புருஷன் கூண்டு கழுவிய பழைய வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிளம்பும்போது, "போயிட்டு வரேன்" என்று முதுகிடம் சொல்வாள். மறுநாள் வருவாள். ஜுரத்திலும் வந்தாள், புருஷன் இறந்த மறுநாளும் வந்தாள். அது திரும்பியதில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒருநாள், காலர் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சுண்டுவிரல் மாதிரி இருக்கு" என்றாள் மகளிடம். மகள் ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். விரல் கனத்துக்கும் செங்கல் கனத்துக்கும் கணக்கு ஒத்துவராதே என்று கண்டக்டர் மட்டும் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார். கனத்தக்கா ஒரு செங்கல்லோடு பஸ் ஏறினாள். காற்று அடித்தது, அவள் கால் தரையிலேயே இருந்தது.